மாத்திரை ஏன் நின்றது? கேட்கத் தெரிந்தவருக்கே இந்த வேலை

அமெரிக்க கிளினிக்குகளின் நோயாளிக் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை." எழுதியவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் டாக்டரும் நர்ஸும் பார்மசிஸ்ட்டும் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வரியைப் பார்த்துவிடுகிறார்கள். கறுப்பின நோயாளிகளின் கோப்புகளில் இப்படிக் குறைசொல்லும் சொற்கள் இடம்பெறும் வாய்ப்பு, வெள்ளையின நோயாளிகளுடையதைவிட இரண்டரை மடங்கு என்று சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் காட்டியது.

அமெரிக்காவில் நர்ஸாகவோ பார்மசிஸ்ட்டாகவோ மருத்துவ உதவியாளராகவோ வேலைக்குச் சேர்ந்திருக்கும், அல்லது சேரத் தயாராகும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரஷர் மாத்திரையை ஒருவர் நிறுத்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நாம் உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே சரிசெய்யக்கூடியவை. அலட்சியம், அறியாமை என்று ஒதுக்கிவிட்டால் அவற்றைத் தேடவே மாட்டோம்.

பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வரம்பை 130/80 என்று குறைத்த பிறகு, அமெரிக்கப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உயர் ரத்த அழுத்தக்காரர்கள். கட்டுக்குள் வைத்திருப்பவர் அவர்களில் நான்கில் ஒருவர்தான். கறுப்பினத்தவரிடம் இந்த நோய் இளம் வயதிலேயே வருகிறது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் அவர்களிடையே அதிகம். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயாக இருந்தால் விதி எனலாம். இதற்கு மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஐம்பது வயதில் ஒருவர் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தால், இடையில் எங்கோ யாரோ கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கேட்பதற்கு முன் பாருங்கள்

நோயாளி அறைக்குள் வருவதற்கு முன், பார்மசியில் மருந்து வாங்கிய தேதிகளை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. 30 நாள் மருந்தை 60 நாளுக்கு ஒருமுறை வாங்குகிறாரா? ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கிறார், அல்லது கணவனும் மனைவியும் ஒரே பாட்டிலில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மருந்தில் இரண்டை மாதம் தவறாமல் வாங்கி, ஒன்றை மட்டும் நிறுத்தியிருக்கிறாரா? அந்த ஒன்று அவர் உடம்புக்கு ஏதோ செய்கிறது. மூன்றும் ஒரே மாதத்தில் நின்றிருக்கிறதா? வேலை போய் இன்சூரன்ஸும் போயிருக்கும், வீடு மாறியிருப்பார், அல்லது ரீஃபில் தீர்ந்து பார்மசி அனுப்பிய கோரிக்கை டாக்டர் அலுவலகத்தில் யாரும் பார்க்காமல் கிடக்கும். கடைசியில் சொன்னது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. அப்படிப்பட்டவரை உட்கார வைத்து உப்பைக் குறையுங்கள் என்று பாடம் எடுப்பது அநியாயம்.

ரத்த அழுத்தத்தை அளந்த விதத்தையும் சந்தேகியுங்கள். பஸ் பிடித்து, படியேறி, தாமதமாகி ஓடிவந்தவரின் கையில் வந்தவுடன் பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்காரவிடுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், அளக்கும்போது பேச்சு கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடுதலாக வரும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை எடுங்கள். தவறான அளவை நம்பி மூன்றாவது மருந்தைச் சேர்த்தால், அவருக்குத் தலைசுற்றும். தலைசுற்றியவர் மூன்றையும் சேர்த்தே நிறுத்துவார்.

பெயரில் தொடங்குங்கள்

வயதான கறுப்பின நோயாளியை அவர் அனுமதிக்காமல் முதல் பெயரால் அழைக்காதீர்கள். மிஸ்டர், மிஸஸ், மிஸ் சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள் என்று வந்த புதிதில் நமக்குத் தோன்றும். இந்த விஷயத்தில் ஒரு வரலாறு இருக்கிறது.

1963-இல் அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில், சிவில் உரிமைப் போராளி மேரி ஹாமில்டனை அரசு வழக்கறிஞர் வெறுமனே "மேரி" என்று அழைத்தார். வெள்ளையருக்கு மட்டுமே மிஸ், மிஸ்டர் என்ற மரியாதை கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் நின்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்று எழுபது, எண்பது வயதில் உங்கள் கிளினிக்குக்கு மாத்திரை வாங்க வருகிறார்கள். தாத்தா வயதுக்காரரை வாடா போடா என்று யாராவது பேசினால் நமக்கு எப்படிச் சுருக்கென்று தைக்கும் என்பது தெரிந்தவர்கள் நாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கேள்வி. "தினமும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன்" என்றுதான் பதில் வரும். வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இத்தனை மாத்திரையை ஒருநாள்கூட விடாம சாப்பிடறது யாருக்குமே கஷ்டம்தான். போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விடுவது சகஜம் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டதால், இரண்டு நாள், மூன்று நாள் என்று உண்மை வெளியே வரும். வந்தவுடன் முகத்தைச் சுளிக்காதீர்கள், கீபோர்டில் வேகமாகத் தட்டாதீர்கள். "சொன்னது ரொம்ப நல்லது. எந்த மாத்திரைய விடுறீங்க? எந்த நேரத்துல?" என்று போங்கள். "இந்த மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து எது உங்களுக்குப் பிடிக்கல?" என்பதும் நல்ல கேள்வி. இவற்றையே ஆங்கிலத்தில் உங்கள் வாய்க்கு வரும்படி முன்கூட்டியே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஆங்கிலம் பெரும்பாலும் பாடப்புத்தக ஆங்கிலம். அதில் ஒரு கேள்வி விசாரணை மாதிரி ஒலித்துவிடும்.

பஸ் ஓட்டுநரும் நீர் மாத்திரையும்

நகரப் பேருந்து ஓட்டும் 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்து மணிக்கு டெப்போவில் இருக்க வேண்டும். நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைட், ஆம்லோடிபின், லிசினோபிரில் என்று மூன்று மாத்திரை. "காலையில் ஒன்று" என்றுதான் மூன்று பாட்டிலிலும் ஒட்டியிருக்கிறது. நீர் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தால், பாதி வழியில் சிறுநீர் முட்டும். பயணிகளை உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போக முடியுமா? வேலை நாட்களில் அதை விட்டுவிடுகிறார். மற்ற இரண்டையும் அதோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பதால் சில நாள் அவையும் விட்டுப்போகின்றன. சனி, ஞாயிறு மட்டும் மூன்றையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்தால் அளவு நன்றாக இருக்கும், வியாழக்கிழமை வந்தால் மேலே போயிருக்கும்.

இங்கே செய்ய வேண்டியது எளிது. நீர் மாத்திரையை அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். முதல் சில வாரங்களில் இருக்கும் அவசரம் பிறகு தணியும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால்தான் பலர் முதல் பாட்டிலோடு நிறுத்துகிறார்கள். இரவுப் பணிக்காரருக்குக் "காலையில்" என்ற சொல்லே தவறு. "தூங்கி எழுந்ததும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆம்லோடிபினில் கணுக்கால் வீங்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களுக்கு மாலையில் ஷூ போட முடியாமல் போகும். இதயமோ சிறுநீரகமோ கெட்டுவிட்டதென்று பயந்து நிறுத்துவார்கள். அளவைக் குறைத்தால் வீக்கம் குறையும். லிசினோபிரில், லோசார்டன் மாதிரியான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் குறையும். லிசினோபிரில் வகையில் வறட்டு இருமல் வரும். நோயாளி அதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பார். அந்த இருமல் மருந்தில் மூக்கடைப்பு நீக்கி இருந்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஐபுபுரூஃபனும் அப்படித்தான். "டாக்டர் எழுதாம நீங்களா வாங்கிச் சாப்பிடறது என்னென்ன?" என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள்.

லிசினோபிரில் வகை மருந்தில் உதடு, நாக்கு, தொண்டை திடீரென்று வீங்கும் ஆபத்து அரிதாக உண்டு. அந்த ஆபத்து கறுப்பினத்தவருக்கு மற்றவர்களைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். மருந்து தொடங்கி மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரலாம். முதல் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: நாக்கு தடிப்பதுபோல் தெரிந்தால் கிளினிக்குக்குப் போன் செய்யாமல் நேராக 911-ஐ அழைக்க வேண்டும். வந்தவருக்கு அந்த வகை மருந்து வாழ்நாளில் மறுபடி கூடாது. அது கோப்பில் ஒவ்வாமைப் பகுதியில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஆண்கள் வாய் திறந்து சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது, தாம்பத்தியம். சில பிரஷர் மருந்துகள் அதைப் பாதிக்கும், நோயே பாதிப்பதும் உண்டு. நம் ஊர் வளர்ப்பில் இதைக் கேட்க நாக்கு எழாது. ஆனாலும் கேட்டாக வேண்டும். "இந்த மருந்து சாப்பிடற ஆண்கள் சிலர் படுக்கையில சிரமம்னு சொல்றாங்க. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?" என்று ஒரே மூச்சில், சாதாரணக் குரலில் கேட்டுவிடுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது என்று தெரிந்தால் பலர் மறுபடி தொடங்குகிறார்கள்.

நம்பிக்கை எங்கே உடைந்தது

அலபாமாவின் மேக்கன் கவுன்டியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ். 1940-களிலேயே பெனிசிலின் வந்துவிட்டது. அதை அவர்களுக்குக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997-இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆய்வு நடந்த டஸ்கீகி என்ற ஊரின் பெயர் கறுப்பினக் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. உங்களிடம் ஒருவர் அதைச் சொன்னால், அது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

அதே சமயம், எல்லா அவநம்பிக்கைக்கும் டஸ்கீகியைக் காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் முடிவைக் கூட்டிக் காட்டும் ஒரு திருத்தம் பல ஆண்டுகள் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் சேர்வதும் தள்ளிப்போனது. அந்தத் திருத்தத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைச் சிறுநீரக மருத்துவர்களின் அமைப்புகள் பரிந்துரைத்தது 2021-இல்தான். ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தின்னும் நோய். அந்த நோய்க்காரரிடம் உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தவறாகச் சொல்லியிருக்கிறோம். நேற்று நடந்த விஷயம் இது. அவர் ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பத்துக் கேள்வி கேட்டால், பத்துக்கும் பதில் சொல்வது நம் கடமை.

இதற்கு என்ன செய்யலாம்? மாத்திரை எதற்கு, எப்படி வேலை செய்கிறது, எது வரலாம், வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்காமலே சொல்லுங்கள். அளந்த எண்ணை நோயாளிக்குக் காட்டுங்கள், எழுதிக் கொடுங்கள். வீட்டில் அளக்க ஒரு கருவி கிடைக்க வழி செய்யுங்கள். தன் கையால் அளந்து ஒரு தாளில் குறித்த எண்ணை அவர் நம்புவார். மாத்திரை சாப்பிட்ட வாரமும் விட்ட வாரமும் அந்தத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

அதே ஊர்க்காரர் சொல்வதற்கு இருக்கும் வலுவையும் பயன்படுத்துங்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு மருத்துவக் குழு, கறுப்பின நோயாளிகளே தாங்கள் பிரஷரோடு பட்ட பாட்டைச் சொல்வதைப் படமெடுத்து, டி.வி.டி.யாக மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தது. தொடக்கத்தில் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களிடம், மூன்று மாதத்தில் மேல் அளவு மற்றக் குழுவைவிட 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. 2011-இல் வெளியான ஆய்வு இது. ஒரு மாத்திரை செய்யும் வேலையை ஒரு கதை செய்திருக்கிறது.

முடிதிருத்தும் கடையில் ஒரு பார்மசிஸ்ட்

இந்தத் துறையில் வேலை செய்யும் எவரும் படிக்க வேண்டிய ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸில் செடார்ஸ்-சைனாய் மருத்துவமனையின் டாக்டர் ரொனால்ட் விக்டர் நடத்தி 2018-இல் வெளியிட்டது. கறுப்பின ஆண்களுக்கு முடிதிருத்தும் கடை என்பது உட்கார்ந்து பேசும் இடம். டாக்டரிடம் வருடத்துக்கு ஒருமுறை போகாதவர்கூட அங்கே தவறாமல் போவார். பல ஆண்டுகளாக ஒரே கை அவருக்கு முடி வெட்டியிருக்கும். விக்டரின் குழு 52 கடைகளையும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 319 வாடிக்கையாளர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு பாதிக் கடைகளில் முடிதிருத்துநர் உணவு, உடற்பயிற்சி பற்றிப் பேசி, டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று ஊக்கப்படுத்தினார். மறுபாதிக் கடைகளுக்குப் பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட் நேரில் வந்தார். நோயாளியின் டாக்டரோடு முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே அளந்து, அங்கேயே மருந்து எழுதி, விரல் நுனியில் ரத்தம் எடுத்து உப்புச்சத்தையும் அங்கேயே பார்த்தார்.

ஆறு மாதம் கழித்து, பார்மசிஸ்ட் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. மற்றக் கடைகளில் 9.3. 130/80-க்குக் கீழே வந்தவர்கள் ஒரு பக்கம் 63.6 சதவீதம், மறுபக்கம் 11.7 சதவீதம். ஓராண்டு கழித்தும் அந்த இறக்கம் அப்படியே நின்றது.

இந்த ஆய்வைப் பலர் "முடிதிருத்துநரே பிரஷர் பார்த்தார்" என்று சுருக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் முடிதிருத்துநர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். புத்திமதி மட்டும் கிடைத்த கடைகளில் பத்தில் ஒருவருக்குத்தான் பலன். மருந்தே கடைக்கு வந்தபோது பத்தில் ஆறு பேருக்குப் பலன். ஆள் நம்பும் இடத்தில், ஆளுக்குத் தோதான நேரத்தில், அளவு கட்டுக்குள் வரும்வரை மருந்தை மாற்றிக்கொண்டே போக அதிகாரமுள்ள ஒருவர் இருந்தார். அதுதான் வேலை செய்தது. மருந்துகள் ஒன்றும் புதியவையல்ல. ஆம்லோடிபின், அதோடு லோசார்டன் அல்லது லிசினோபிரில் குடும்பத்தில் ஒன்று, போதாவிட்டால் இண்டபமைடு.

நீங்கள் பார்மசிஸ்ட் என்றால், உங்கள் மாநிலத்தில் டாக்டரோடு இப்படிக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடும். மருந்தை ஆள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் யோசனை தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர்காணலில் இதைப் பற்றிச் சொல்லுங்கள். நம் அனுபவத்தை நாமே மறைத்துக்கொள்ளத் தேவையில்லை.

பணம், பாட்டில், பஸ்

லிசினோபிரில், ஆம்லோடிபின், லோசார்டன், தயசைட் எல்லாமே ஜெனரிக்காகக் கிடைப்பவை. 2006-இல் வால்மார்ட் நான்கு டாலர் பட்டியலைத் தொடங்கியதிலிருந்து பல பார்மசிகளில் மலிவு விலைப் பட்டியல் இருக்கிறது. சில சமயம் இன்சூரன்ஸ் காட்டாமல் வாங்குவதே மலிவு. இது நோயாளிக்குத் தெரியாது. உங்கள் பகுதியில் எந்தக் கடையில் என்ன விலை என்று ஒரு தாள் தயாரித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்களின் முகவரியும் அதில் இருக்கட்டும்.

30 நாளுக்குப் பதில் 90 நாள் மருந்து எழுதச் சொல்லுங்கள். மூன்று மருந்துக்கு மூன்று தேதி என்று மாதம் மூன்று முறை பஸ் ஏற வைக்காமல், எல்லா ரீஃபிலையும் ஒரே தேதிக்குக் கொண்டுவாருங்கள். சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிகளைப்போல, கறுப்பின மக்கள் வாழும் பல நகர்ப்புறங்களில் பக்கத்தில் பார்மசியே கிடையாது. இருந்தவையும் மூடப்படுகின்றன. அங்கே தபாலில் அனுப்பும் ஏற்பாட்டைக் கேட்காமலே செய்துகொடுங்கள். இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் வருவது கிடைத்தால் அதை எழுதச் சொல்லிப் பேசுங்கள். வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே அமைப்பு நோயாளிப் பட்டியல், ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து, கட்டணமில்லாமல் ரத்த அழுத்தம் பார்க்கும் வசதி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தது. 2001-இல் 44 சதவீதமாக இருந்த கட்டுப்பாடு 2009-இல் 80 சதவீதமானது. நோயாளிகள் மாறவில்லை. நிறுவனம் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது.

மொழி வேறு, விரதம் வேறு

நோயாளிக்கு ஆங்கிலம் சரளமில்லை என்றால், கூட வந்த பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவசர நிலை தவிர மற்றச் சமயங்களில் மத்திய அரசின் விதிகளே அதைத் தடுக்கின்றன. மத்திய அரசுப் பணம் வாங்கும் கிளினிக்குகள் நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். தொலைபேசி மொழிபெயர்ப்பு எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசும்போது போனைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க" என்று அவர் வாயால் சொல்லவையுங்கள்.

மினியாபொலிஸின் சோமாலியர்கள், டியர்போர்னின் அரபுக் குடும்பங்கள் ரமலான் நோன்பிருப்பார்கள். நோன்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பேசி, நாளுக்கு ஒருமுறை மருந்தாக மாற்றி, இஃப்தாருக்கோ சஹருக்கோ நேரம் குறித்துக் கொடுக்கச் செய்யுங்கள். யாரும் கேட்காவிட்டால் அவர்கள் பகல் மருந்தைத் தாங்களே விட்டுவிடுவார்கள்.

நம்மவர்களையும் மறக்க வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்க நியூ ஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் வரும் அப்பா அம்மா, ஆறு மாத மாத்திரையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அட்டையில் டெல்மா என்றும் ஆம்லாங் என்றும் இருக்கும். இங்கே பாட்டிலில் டெல்மிசார்டன், ஆம்லோடிபின் என்று இருக்கும். தங்கல் நீண்டு இங்கே புதிதாக மருந்து வாங்கும்போது, வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு மயங்கி விழும் ஆபத்து உண்டு. அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி, மூலப் பெயரை வைத்துச் சரிபாருங்கள். "அங்கிள், ஆன்ட்டி" என்று தமிழில் பேசத் தொடங்கினாலே பாதி உண்மை வந்துவிடும்.

வேலைக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டில் பார்மசி படித்தவர்கள் அமெரிக்க உரிமத்துக்கு விண்ணப்பிக்க, 2003-இலோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றவராக இருந்தால் குறைந்தது ஐந்தாண்டுப் படிப்பு வேண்டும். நம் நான்காண்டு பி.பார்ம். போதாது. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. பொருந்தும். நர்ஸ்களுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. உரிமம் வாங்கிய பிறகு, நோயாளிகளை நேரில் பார்த்து மருந்தைச் சரிசெய்யும் பணியை விரும்புகிறவர்கள் வெளிநோயாளர் பிரிவுப் பார்மசிஸ்ட்டுகளுக்கான சிறப்புச் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். கடை கவுண்டரைவிட இந்தப் பிரிவில்தான் மேலே சொன்ன வேலைகளுக்கு நேரம் கிடைக்கும்.

உங்களை அளக்கும் எண்களையும் புரிந்துகொள்ளுங்கள். கையில் மருந்து இருந்த நாட்கள் 80 சதவீதத்தைத் தொட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் மெடிகேர் திட்டங்களுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. மருந்தை வாங்கினார் என்பதைத்தான் அந்த எண் காட்டும், விழுங்கினார் என்பதை அல்ல. கேட்காமலே தானியங்கி ரீஃபில் போட்டு எண்ணை உயர்த்தலாம். நோயாளி வீட்டு அலமாரியில் திறக்காத பாட்டில்கள் சேரும். அந்த வழிக்குப் போகாதீர்கள். மேலாளரிடம் மாத அறிக்கை கொடுக்கும்போது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை இனவாரியாக, மொழிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தச் சராசரியில் எல்லாம் நன்றாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால்தான் யார் விடுபட்டார்கள் என்பது தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. கேளுங்கள்.

"மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று நீங்கள் எழுதாதீர்கள். "வேலை நாட்களில் நீர் மாத்திரையை விடுகிறார், பஸ்ஸில் கழிப்பறை வசதி இல்லை, மதியத்துக்கு மாற்ற டாக்டரிடம் கேட்கப்பட்டது" என்று எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரியே சொல்லிவிடும்.

மருந்தைத் தொடங்கிய அல்லது மாற்றிய இரண்டு வாரத்துக்குள் ஒரு போன் போடுங்கள். அழைக்க வசதியான நேரத்தை அவரிடமே கேட்டுக் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் ஓட்டுநரைக் காலை பத்து மணிக்கு அழைத்துவிட்டு "எடுக்கவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. எடுத்ததும் நீங்கள் யார், எந்த கிளினிக் என்று சொல்லிவிட்டு, மூன்று விஷயம் கேளுங்கள்: மாத்திரை கைக்கு வந்துவிட்டதா, சாப்பிட்டதிலிருந்து உடம்பில் என்ன வித்தியாசம், வீட்டில் அளந்த எண் என்ன. குளோனிடினோ பீட்டா பிளாக்கர் வகையோ சாப்பிடுபவர் என்றால், அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும் என்பதை மறுபடி சொல்லுங்கள். முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குளறினாலோ உடனே 911 என்பதை அவர் வீட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு அடுத்து எப்போது கூப்பிடுவீர்கள் என்று தேதியைச் சொல்லி, அந்தத் தேதியில் கூப்பிடுங்கள்.